தங்கதுரையின் கழுத்துமேல் பிராது கட்டிய சிஸ்டருக்கு

மணிமுத்தாறு வளைந்தோடும் முதுகுன்றமாம் விருத்தாசலத்து மண்ணில் பிறந்து, மண்ணைப் பிசைந்தும் மண்ணைச் சுட்டும் பிழைக்கும் மக்களின் வாயும் வயிறும், நாவும் நெஞ்சும் நலிவுறாமல் காத்த வெள்ளுடை வேந்தே. வைதுகொண்டே வைத்தியம் பார்த்து, முறைத்துக்கொண்டே முதுகு தடவி, முப்பத்தைந்து ஆண்டுகள் முனகாமல் உழைத்த மூத்த செவிலியே. கருணைக் கடலே, தியாகச்

இந்த இடத்தில்தான் மடல் நின்றுபோயிற்று. போன வாரம் ஊசி போடும் அறையில் உட்கார்ந்து நாங்கள் இதை எழுதிக்கொண்டிருக்கையில் அம்மையாரே உள்ளே வந்துவிட்டார்கள். எங்கள் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டுச் சொன்னது இது: "கடலு, சுடருன்னு ஏதாவது வந்துச்சு, மேடைய வுட்டு எறங்கிப் போயிடுவேன். இங்க ரிட்டயர் ஆன அத்தினி பேருக்கும் அதே கடலு, அதே சுடரு. பேர மட்டும் மாத்திப் படிக்கிறீங்க. அந்த வாட்ச்மேனுக்கும் கருணைக் கடல்னீங்க. அந்தாளு யாரைய்யா உள்ள வுட்டாரு?"

பணி ஓய்வு விழாவுக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, இப்படிப்பட்ட ஒருவரைப் பாராட்டி ஒரு மடல் எழுதுங்கள் பார்க்கலாம். எங்களுக்கு அலுத்துவிட்டது. புகழ்ந்தால் இறங்கிப் போவார்; புகழாவிட்டால் நாங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தோம். அவரைப் பார்த்து ஒன்றும் சொல்லப்போவதில்லை. விருத்தாம்பாள் என்று ஒருவர் இருந்தார் என்று உங்களுக்குக் கதை சொல்லப்போகிறோம். மேடையில் மாலையோடு இருக்கிறவர் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, பின்வரிசைக்கும் கேட்கட்டும். கைக்குழந்தைக்காரர்கள் காற்றாடிக்குக் கீழே வந்துவிடுங்கள்.

நம் மருத்துவமனையில் கரண்ட் வைக்கிற எந்திரம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். கதிர்வீச்சு என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம் ஊரில் அதற்குப் பெயர் கரண்ட். வாயிலோ தொண்டையிலோ கழுத்திலோ புற்றுக்கட்டி வந்தவர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை புதுச்சேரியில் தங்கிக் கரண்ட் வைத்துக்கொண்டு, வெள்ளி சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்புவார்கள். சனிக்கிழமை காலையில் விருத்தாம்பாளுக்கு முன்னால் வரிசை நிற்கும். வாய்ப்புண் கழுவ, எடை பார்க்க, ரத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க. ஆனால் அவர் முதலில் கேட்பது அது எதுவுமில்லை. "கையக் காட்டு" என்பார். நீட்டிய விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்வார்.

"சோப்பு மணக்குது."

"ஆமாங்க சிஸ்டர், சுத்தமா வந்திருக்கேன்."

"போன வாரம் வரைக்கும் இந்த சோப்பு எந்தக் கடையில இருந்துச்சு? ஒரு விரலுக்கு மட்டும் ஏன் இவ்ளோ சோப்பு?"

பீடிக்காரர்கள் அவரிடம் தப்பியதில்லை. அவரும் அவர்களைத் திருத்தியதாகச் சொல்வதற்கில்லை. இரண்டு தரப்பும் சளைக்காமல் முப்பது வருஷம் ஓடியிருந்தது.

அப்போதுதான் பெண்ணாடத்திலிருந்து பெரியநாயகி வந்தார். கரும்பு வெட்டுகிற குடும்பம். நாக்கின் அடியில் கட்டி. பிள்ளைகளே, சொன்ன பேச்சைக் கேட்கிற நோயாளி என்று ஒருத்தரைக் காட்டச் சொன்னால் விருத்தாம்பாள் அந்தப் பெண்ணைத்தான் காட்டுவார். வெற்றிலைப் பையை முதல் நாளே கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டார். கீரை என்றால் கீரை, முட்டை என்றால் முட்டை. பீடி, புகை வாடையே அறியாதவர். ஒரு வேளை கரண்ட்கூடத் தவறவிடவில்லை. ஆனாலும் கட்டி கரையவில்லை. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் பெரியநாயகி போய்விட்டார்.

சேதி வந்த அன்று விருத்தாம்பாள் நேராக டாக்டர் ராஜ்மோகன் அறைக்குப் போனார். கதவைத் தட்டவில்லை.

"எல்லாம் ஒழுங்காத்தானே டாக்டர் செஞ்சா அவ? ஏன் கரண்டு புடிக்கல?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "கட்டி அவசர அவசரமா வளருது சிஸ்டர். அதுக்குள்ள போற ரத்தக் குழாய் கோணல்மாணலா இருக்கும், பாதி வழியில நின்னுபோவும். அதனால நடுவுல இருக்கிறதுக்குக் காத்து, அதான் ஆக்சிஜன், போய்ச் சேர்றதில்ல. காத்து இருந்தாத்தான் கரண்டு முழுசா வேல செய்யும். காத்துக்குத் தவிக்கிற கட்டியா இருந்தா பாதி வேலதான். அப்படிப்பட்டவங்க பொழைக்கிறது கம்மின்னு வெளிநாட்டுல கட்டிக்குள்ள ஊசி வெச்சு அளந்து எழுதியிருக்காங்க."

"நம்மகிட்ட அந்த ஊசி?"

"இல்ல."

"அப்ப யாரு கட்டியில காத்து இல்லன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"ரத்தம் ஏத்தினா?"

"ஏத்திப் பார்த்திருக்காங்க. நெனச்ச அளவுக்குப் பலன் இல்ல. ரத்தம் கொறையாம சாப்பிட வைக்கலாம். கரண்டு வைக்கிற காலத்துல பீடியக் கட்டாயம் நிறுத்தணும். பீடிப் புகை ரத்தத்துல காத்தோட எடத்தைப் புடிச்சுக்குது. நம்ம கையில இருக்கிறது அவ்ளோதான்."

"முப்பது வருஷமா அத்தத்தானே கத்திக்கிட்டிருக்கேன்."

"இன்னும் கொஞ்சம் கத்துங்க சிஸ்டர்."

அந்த வாரம் முழுக்க விருத்தாம்பாளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. அவருக்குக் கோபம் டாக்டர்மேல் இல்லை, நோயாளிகள்மேலும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத, அளக்கவும் முடியாத ஒன்றின்மேல். அதை எப்படித் திட்டுவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

திட்டுவதற்கு ஆள் கார்த்திகையில் வந்து சேர்ந்தார். இதோ, முன்வரிசையில் மனைவி கமலத்தோடு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே தங்கதுரை, இவர்தான். பீங்கான் பொம்மைக்கும் அகல்விளக்குக்கும் சூளை எரிக்கிறவர். தொண்டையில் கட்டி, கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முண்டு. கரண்ட் வைக்க வேண்டிய இடத்தைச் சுற்றி புதுச்சேரியில் மையால் கோடு போட்டு, "அழிக்காதீங்க, உரசாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் சனிக்கிழமை அவர் கழுத்தில் கம்பளி மப்ளரை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு, அதற்குள்ளிருந்து பீடி வாடை வீச, வரிசையில் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, ரத்தம்னா அது ஒரு பஸ்ஸு மாதிரி" என்று விருத்தாம்பாள் தொடங்கினார். "காத்து ஏறி ஒக்காந்துகிட்டு ஒடம்பு பூரா போவணும். நீ பீடி குடிச்சா, புகை சன்னல் வழியாத் துண்டைப் போட்டு எல்லா சீட்டையும் புடிச்சுக்கும். காத்து ஸ்டாண்டுலயே நிக்கும். அப்புறம் கட்டிக்குக் காத்து எப்படிப் போவும்? காத்து போவலன்னா கரண்டு எப்படிப் புடிக்கும்?"

"கட்டிக்கு எதுக்குங்க காத்து? அது செத்துப் போவட்டும்."

"அது சாவறதுக்குத்தான்டாப்பா காத்து வேணும்."

தங்கதுரை தலையாட்டினார். மறு சனிக்கிழமை மப்ளர் நான்கு சுற்றாகியிருந்தது. உள்ளே கோடு பாதி அழிந்து, தோல் வெந்து உரிந்திருந்தது. கமலம்தான் பொறுக்க முடியாமல் சொன்னார்: "நீங்க வூட்டுக்கு வந்து பாருங்க சிஸ்டர். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் கதவ, சன்னல எல்லாத்தையும் அடைச்சுட்டு ஒக்காந்துக்குது. சன்னல் இடுக்குல களிமண்ண அப்பியிருக்குது. உள்ள ஒரே பீடிப் புகை. எனக்கே மூச்சு முட்டுது. சோறும் வாணாம், கீரையும் வாணாம், குளிர்ச்சியாம்."

மறுநாள் மத்தியானம் விருத்தாம்பாள் போய்ப் பார்த்தார். கமலம் சொன்னது குறைவு. பட்டப்பகலில் உள்ளே கண் தெரியவில்லை. நடுவில் தங்கதுரை, போர்வையும் மப்ளருமாக, வேர்த்து விறுவிறுத்து, மடியில் பீடிக்கட்டு. விருத்தாம்பாள் சன்னல் களிமண்ணைக் கரண்டிக் காம்பால் பெயர்த்துத் தள்ளித் திறந்துவிட்டார்.

"அய்யய்யோ, தொறக்காதீங்க சிஸ்டர், வெடிச்சிடும்."

"எது வெடிக்கும்?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சூளை எரித்து முடித்தால் வாயை அடைத்துக் களிமண் பூசி இரண்டு நாள் திறக்காமல் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று பட்டுச் சாமானெல்லாம் விரிசல் விட்டு வெடிக்கும். இது சூளைக்காரர் யாருக்கும் தெரிந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை தன் கழுத்தில் சூடு வைக்கிறார்கள். சனி, ஞாயிறு எந்திரத்தை மூடிவிடுகிறார்கள். "டாக்டருங்களே ரெண்டு நாள் ஆறப்போடறாங்க சிஸ்டர். நான் மட்டும் தொறந்து வுடலாமா?"

விருத்தாம்பாள் தலையில் கையை வைத்துக்கொண்டார். எந்திரத்துக்காரர்களுக்கு வீடு வாசல் உண்டு, லீவு உண்டு என்று சொல்லிப் பார்த்தார். தங்கதுரை நம்பவில்லை. விருத்தாம்பாள் தெருமுனை தாண்டுவதற்குள் சன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை வரிசையில் தங்கதுரை வழக்கத்தைவிட நிமிர்ந்து நின்றார்.

"சிஸ்டர், மறைக்கக் கூடாது. உங்க மேல பிராது கட்டிட்டேன்."

மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் என்கிற முருகன் கோயிலில் குறையைக் கோர்ட்டு மனுபோல எழுதிக் கட்டுவது நம் வட்டாரத்து வழக்கம். காரியம் முடிந்ததும் போய்த் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். தங்கதுரை தன் மனுவை மனப்பாடமாகவே ஒப்பித்தார்: மேற்படி சிஸ்டர் விருத்தாம்பாள் வாரந்தோறும் என் மப்ளரைப் பிடுங்குவதாலும், அனுமதியின்றி என் சன்னலைத் திறந்து என் சூட்டைக் கலைப்பதாலும், முருகா நீயே கேட்க வேண்டியது.

விருத்தாம்பாள் அவர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தபடியே கேட்டார்: "இனிஷியல் எழுதினியா?"

"இல்லீங்க."

"விருத்தாசலத்துல விருத்தாம்பாள்னு தெருவுக்கு நாலு பேரு. சாமி யாருன்னு போய்த் தேடும்? இனிஷியலோட எழுதிக் கட்டு. நாக்க நீட்டு."

அன்றைக்குச் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். வீட்டுக்குப் போயும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெரியநாயகிக்கு எல்லாம் செய்தும் நடக்கவில்லை; இவனுக்கு ஒன்றுகூடச் செய்ய முடியவில்லையே என்பதுதான். கரண்ட்டில் மூன்று வாரம் போய்விட்டது. போனது போனதுதான். அதைத் திரும்ப வைக்க முடியாது.

ஞாயிறு காலையில் முதல் பஸ் பிடித்து மணவாளநல்லூர் போனார். அவரும் ஒரு பிராது எழுதிக் கட்டினார். அங்கிருந்து நேராகச் சூளைக்கு வந்தார். கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கடைசி அகல் சூளை எரிந்துகொண்டிருந்தது. கழுத்தை ஆறப்போட வேண்டிய தங்கதுரை வீட்டில் இல்லை. மனசு கேட்காமல் சூளையைப் பார்க்க வந்து, தள்ளி ஒரு மரப்பெட்டிமேல் மப்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"நானும் கட்டிட்டேன் தங்கதுரை."

"என் மேலயா?"

"உன் மேல எதுக்கு? எதிரி உன் கட்டி. முகவரி தங்கதுரையோட கழுத்துன்னு எழுதியிருக்கேன். இனிஷியலோட."

விருத்தாம்பாள் இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. எரிகிற சூளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடியில் காற்றுப் போகிற வழியெல்லாம் திறந்து கிடந்தது.

"அந்த ஓட்டைய ஏன் அடைக்கல? சூடு போவுதே."

"எரியறப்ப யாருங்க அடைப்பாங்க?" தங்கதுரைக்குச் சிரிப்பு வந்தது. "காத்து போவலன்னா நெருப்பு புகைய ஆரம்பிச்சிடும். ஓரத்துல இருக்கிறது வெந்தாலும் நடுவுல இருக்கிறது வேகாது. வெள்ளச் சாமானெல்லாம் புகை புடிச்சுக் கருத்துப்போவும். எரிச்சு முடிச்சப்புறம்தான் அடைக்கணும்."

"உனக்கு எத்தினி வாரம் சொல்லியிருக்காங்க?"

"ஏழு."

"இப்ப எத்தினி முடிஞ்சிருக்குது?"

"மூணு வாரம்."

"அப்ப எரிச்சு முடிச்சாச்சா?"

"வாரத்துக்கு ஒரு சூளைன்னு நெனச்சேன் சிஸ்டர்."

"ஒரே சூளப்பா. ஏழு வாரம் எரியற ஒரே சூள. நீ நடுவுல ரெண்டு தடவ அடைச்சிருக்கே."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து விருத்தாம்பாளுக்கே பாவமாகிவிட்டது. ஆயுசு முழுக்க அந்தத் தப்பை ஒருநாளும் செய்திராத மனிதர். மெதுவாக மப்ளரைக் கழற்றினார். மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்துச் சூளை வாயைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

"அத வேற அதுல போட்டுப் புகைய வைக்காத" என்றார் விருத்தாம்பாள். "இங்க குடு."

இதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் அது பொய், பிள்ளைகளே. நடுவில் இரண்டு முறை விரல் மணந்தது; இரண்டு முறையும் வரிசையில் எல்லோர் முன்னாலும் வாங்கிக்கட்டிக்கொண்டார். வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்காமல் அழுதார். கமலம் கரண்டி கரண்டியாக ஊற்றினார். பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கடைசிக் கரண்ட். மாசியில் கழுத்து முண்டு கைக்குத் தட்டுப்படவில்லை. தங்கதுரை அந்த வாரமே மணவாளநல்லூர் போய்த் தன் பிராதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

விருத்தாம்பாள் வாங்கவில்லை.

"பீடிய வுட்டதாலயா டாக்டர் கரைஞ்சுது?" என்று கேட்டார்.

"உதவியிருக்கும். ஆனா அவரு கட்டியில ஆரம்பத்துலேருந்தே காத்து இருந்திருக்கலாம். சொல்ல முடியாது சிஸ்டர்."

"சொல்ல முடியாது, தெரியாது. சொன்ன பேச்சக் கேட்டவ போயிட்டா. கேக்காதவன் முன்னால வந்து நின்னு பல்லக் காட்டறான்."

"அவரு நிக்கிறாரேன்னு சந்தோஷப்படுங்க."

"அஞ்சு வருஷம் நிக்கட்டும். அப்புறம் படறேன்."

திரும்ப வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்திலேயே வந்துவிடும் என்று டாக்டர் சொல்லிப் பார்த்துவிட்டார். நாங்களும் வருஷா வருஷம் சொன்னோம்: வாங்கிடுங்கம்மா, சாமிக்கே அலுத்துப்போயிருக்கும். கேட்டால்தானே. மாதம் ஒருமுறை தங்கதுரையை உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் அந்தக் கழுத்தைத் தடவித் தேடுவார். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கண்ணைத் திறந்து, "கையக் காட்டு" என்பார். வருகிற பொங்கலோடு ஐந்து வருஷம். இன்றோடு அவர் பணி முடிகிறது. இரண்டு வாரம் குறைகிறது.

கதை இவ்வளவுதான். இனி அம்மையே, உங்களிடமே பேசுகிறோம். இறங்கிப் போக வேண்டாம், முடிக்கப்போகிறோம்.

அடுத்தவர் காற்றுக்கும் அடுத்தவர் ரத்தத்துக்கும் ஓயாமல் ஓடிய நீங்கள், சனிக்கிழமை தோறும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதை நாங்கள் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். போன மாதம் எங்கள் ரத்தப் பரிசோதனை வாசுகி, புதிதாக வந்த ரசாயன பாட்டிலைச் சோதிக்க வேண்டும் என்று பொய் சொல்லி உங்கள் விரலில் குத்தினாளே, அதில் வந்த ஹீமோகுளோபின் அளவு ஒன்பது. வேறு யாருக்காவது ஒன்பது வந்திருந்தால் அவர்களை என்ன பாடு படுத்தியிருப்பீர்கள்? கேட்டதற்கு, "எனக்கு என்னா, படியேறுனா லேசா மூச்சு வாங்குது, அவ்ளோதான்" என்றீர்கள். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை அம்மா. கத்தவும் முடியவில்லை; கத்துவதற்குக் கற்றுக்கொடுத்தவரே நீங்கள்.

எனவே போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும், டாக்டர் ராஜ்மோகன் உட்பட, மணவாளநல்லூர் போய் உங்கள் மேல் ஒரு பிராது கட்டிவிட்டு வந்தோம். மறைக்கக் கூடாது. மேற்படி விருத்தாம்பாள் வேளாவேளைக்கு உண்பதில்லை என்பதாலும், தன் ரத்தத்தைத் தான் பார்ப்பதில்லை என்பதாலும், முருகா நீயே கேட்க வேண்டியது. இனிஷியலோடு எழுதியிருக்கிறோம். உங்கள் ரத்தம் பன்னிரண்டு ஏறி, அது அங்கேயே நிற்கிறது என்று வாசுகி சொல்கிற வரை திரும்ப வாங்க மாட்டோம். ஐந்து வருஷம் ஆனாலும் சரி, ஐம்பது வருஷம் ஆனாலும் சரி. நீங்கள் நீடூழி வாழ வேண்டும் என்று மேடையில் வாழ்த்திவிட்டு மறந்துபோகிறவர்கள் அல்ல நாங்கள், வழக்குப் போட்டிருக்கிறோம்.

பொங்கல் கழிந்த ஞாயிறு உங்களை மணவாளநல்லூருக்கு அழைத்துப்போகத் தங்கதுரையும் கமலமும் வீட்டுக்கு வருவார்கள். பெரியநாயகியின் மகளும் பெண்ணாடத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் கட்டிய பிராதைத் திரும்ப வாங்குகிற அன்று அவளும் கூட நிற்க வேண்டும் என்றாள். அவளுக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

இந்த மடலைச் சட்டம் போட்டுத்தான் தருகிறோம். கூடத்தில் மாட்டினாலும் சரி, பரணில் போட்டாலும் சரி, உங்கள் விருப்பம். சன்னலை மறைத்து மட்டும் மாட்ட வேண்டாம்.

இங்ஙனம்,
உங்களிடம் திட்டு வாங்கித் தீராத
மருத்துவமனைப் பணியாளர்கள்

விருத்தாசலம்
31.12.2008